மதுரைக்குப் போனால் எந்த வீதியில் தங்குவது?

தையல் மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தால், லாரிகள் போகிற சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. தருமபுரிக்குப் பக்கத்தில் நல்லம்பள்ளியைத் தொட்டுக்கொண்டு தெற்கே ஓடும் நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் இறங்கி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று போய் மதுரையைத் தொடுகிறது. இப்போது அதற்கு 44 என்று எண். என் சின்ன வயதில் 7. அந்த ஏழாம் எண் சாலை காசியில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடியும். "விசுவநாதரும் மீனாட்சியும் நம்ம வீட்டு வாசல்ல ஓடுற ரோட்டுலதான் இருக்காங்க" என்று என் மாமியார் சொல்வார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பதிவில் அத்தை என்று வரும் இடமெல்லாம் அவர்தான்.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், பள்ளி லீவு நெருங்கினால், அளவு கொடுத்துவிட்டு உடனே போவதில்லை. "அக்கா, நீங்க மதுரைக்குப் போய்ட்டு வந்தீங்களே, எங்க தங்குனீங்க?" என்று உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் மூன்று வேறு இடங்களில் தங்கினேன். ஒவ்வொரு முறையும் நான் பார்த்த மதுரை வேறாக இருந்தது. ஒரே கோயில், ஒரே கடைவீதி, அதே ஜிகர்தண்டா. ஆனாலும் வேறு. அதனால் இதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. பழைய ஊருக்குப் போகிறவர் முதலில் ரூமைத் தேடக் கூடாது. அந்த ஊரின் எந்த நேரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். விடியற்காலையா, நடுப்பகலா, ராத்திரியா? பிறகு, அந்த நேரத்தில் யாரையும் எதிர்பார்க்காமல் நடந்தே போய்ச் சேரக்கூடிய தெருவில் தங்க வேண்டும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். முதல் முறை போனது 2017 ஜனவரியில். எங்கள் காரில் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், மகள், எழுபது வயது அத்தை. போனில் படம் பார்த்து ரூம் போட்டோம். பெரிய ரூம், கார் நிறுத்த இடம், ஜன்னலைத் திறந்தால் யானைமலை. ஒத்தக்கடைப் பக்கம். யானைமலையைக் காலை வெயிலில் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. ஒரு பெரிய யானை படுத்திருப்பது போலவே இருக்கும். படத்தில் பார்த்ததைவிட நேரில் அழகு. "கோயிலுக்குப் பத்தே நிமிஷம் மேடம்" என்று போனில் சொன்னார்கள். நம்பினோம்.

கோயில் அங்கிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர். மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம், ஆற்றுப் பாலம் என்று ஒவ்வொரு சிக்னலாகத் தாண்டி, பிறகு காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வெளி வீதியில் இரண்டு சுற்று சுற்றினோம். ஒரு ஆட்டோக்காரர்தான் இரக்கப்பட்டு, "அங்கிட்டு வண்டி போகாதுண்ணே, சித்திரை வீதியில நடந்துதான் போகணும். இங்கிட்டு விட்டுட்டு வாங்க" என்று ஒரு நிறுத்தத்தைக் காட்டினார். கோபுரத்தடிக்கு வந்தபோது மணி 12:20. பன்னிரண்டரைக்கு நடை சாத்துகிறார்கள். திரும்பத் திறப்பது மாலை 4 மணிக்கு. ஐந்து மணிக்கே எழுந்து, நல்லம்பள்ளியிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீட்டர் வந்து, கையில் இருந்த பத்து நிமிஷம் போதாமல் தவறவிட்டோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் தேடினார்.

அந்த மூன்றரை மணி நேரம்தான் என்னை யோசிக்க வைத்தது. ரூமுக்குத் திரும்பினால் போக ஒரு மணி, வர ஒரு மணி. திரும்பாவிட்டால் வயதானவர் எங்கே காலை நீட்டுவார்? கடைசியில் கீழைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் நுழைந்தோம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். அன்றைக்கு உள்ளே வரிசையாகத் தையல்காரர்கள். ஆளுயரச் சிலைகள் செதுக்கிய தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சாமிக்குச் சாத்தும் துணி, திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு, பக்கத்தில் பாத்திரக் கடை, புத்தகக் கடை. என் தொழில் நாயக்கர் காலத்து மண்டபத்தில் நடப்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பெரியவர் அத்தைக்கு ஸ்டூல் போட்டார். அந்தக் கடைகள் இப்போது பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்த மெஷின் சத்தத்தை அந்தத் தூண்களுக்கு நடுவே கேட்டவள் என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

மாலை தரிசனம் முடித்து, ரொம்ப நேரமாவதற்குள் ரூமுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம். மதுரையைத் தூங்கா நகரம் என்கிறார்கள். அந்த ஊரின் ராத்திரியைப் பார்க்காமலேயே நாங்கள் ஒத்தக்கடையில் படுத்துத் தூங்கினோம்.

திரும்பி வந்த பிறகு மதுரையின் அமைப்பைக் கொஞ்சம் படித்தேன். இதைத் தெரிந்துகொண்டால் ரூம் தேடுவது சுலபம். மீனாட்சி கோயிலை நடுவில் வையுங்கள். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள், ஒன்றுக்குள் ஒன்று. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதற்கடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். மேற்கை "மேல" என்றும் கிழக்கைக் "கீழ" என்றும் சொல்வார்கள். எந்த மாதத் திருவிழாவுக்குச் சாமி எந்த வீதியைச் சுற்றி வந்ததோ, அந்த வீதிக்கு அந்த மாதத்தின் பெயர். தேர் மட்டும் சித்திரையில் மாசி வீதியைச் சுற்றுகிறது. மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்துவைத்தார் என்று சொல்வார்கள். விழா மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை.

மாசி வீதிக்கு வெளியே இரண்டு விசித்திரமான பெயர்கள் வரும்: பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி. அதற்கும் வெளியே வெளி வீதி. பழைய மதுரைக்குக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் ஊர் விரியட்டும் என்று கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையில் இருந்த நில அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள். இடித்துக் கிடைத்த இடத்தில் உண்டான தெருக்களுக்கு அவர்கள் பெயர். பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத் தூண்தான் இன்றைக்கு ஜவுளி எடுக்கப் போகும் "விளக்குத்தூண்". ஆகவே, நீங்கள் ரூம் போடும் லாட்ஜின் முகவரியில் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி என்று இருந்தால், பழைய கோட்டைச் சுவர் ஓடிய வரிசையில் படுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்தக் கோட்டில் மதுரை லாட்ஜுகள் நெருங்கி நெருங்கி நிற்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஊருக்குள் நுழைகிற இடத்தில்தானே வழிப்போக்கர் மூட்டையை இறக்குவார்? ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்பதும் அப்படித்தான்.

இரண்டாம் முறை 2019-இல் ரயிலில் போனோம். மைசூரிலிருந்து தூத்துக்குடி போகும் ரயில் தருமபுரி வழியாகத்தான் வரும். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் மதுரை. சந்திப்பை விட்டு வெளியே வந்து சாலையைத் தாண்டினால் டவுன் ஹால் ரோடு. அதில் நேராகக் கிழக்கே நடந்தால் கோயில். ஒரு கிலோமீட்டர் போல இருக்கும். அந்த ரோட்டுக்குக் குறுக்கே ஓடும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு சாதாரண லாட்ஜில் ரூம் எடுத்தோம். யானைமலை தெரிந்த ரூமில் பாதி அளவுகூட இல்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். மாடியில் ஏறினால் மட்டும் நான்கு கோபுரங்களும் தெரிந்தன. அத்தை இரண்டு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அத்தை என்னை எழுப்பினார். "கண்ணு, ஊரு முழிச்சிருச்சு, வா." கீழே இறங்கினோம். தெருவில் டீக்கடைப் பால் கொதிக்கும் வாசனை. மேலமாசி வீதியைத் தாண்டும்போது ஒரு பெண் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்தார். மதுரை மல்லி என்று எங்கள் ஊரில் விற்பதும் மல்லிதான். ஆனால் பறித்த சில மணி நேரத்துக்குள் அந்த ஊரிலேயே தலையில் வைப்பது வேறு. அத்தை கைத்தடியை ஊன்றி நிதானமாக வந்தார்; அவசரப்பட வேண்டியதில்லையே! திருவனந்தல் பூசைக்கு நடை திறந்தபோது உள்ளே அதிகம் கூட்டமில்லை. பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்தோம். தண்ணீரில் தெற்குக் கோபுரத்தின் நிழல். அது இந்தக் கோயிலிலேயே உயரமான கோபுரம், 170 அடி. முதல் வெளிச்சம் அதன் உச்சியில் பட்டுக் கீழே கீழே இறங்கி வந்தது. அத்தை அரை மணி நேரம் பேசவில்லை.

பத்து மணிக்குள் இட்லி சாப்பிட்டு, இன்மையில் நன்மை தருவார் கோயிலுக்கும் போய்விட்டு ரூமுக்கு வந்துவிட்டோம். அந்தக் கோயில் மேலமாசி வீதியிலேயே இருக்கிறது. கூடலழகர் பெருமாளும் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்தான். அதை மாலைக்கு வைத்துக்கொண்டோம். நடுப்பகலில் அத்தை ஃபேனுக்கு அடியில் காலை நீட்டித் தூங்கினார். முதல் பயணத்தில் வெயிலில் போன அதே மூன்றரை மணி நேரம், இந்தத் தடவை ஓய்வாக அமைந்தது. ரூம் வாடகை எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான் என்பேன். ராத்திரி படுப்பதற்கு எந்த ஊரிலும் ஒரு கட்டில் கிடைக்கும். மதியம் இரண்டு மணிக்குப் படுக்க, கோயிலுக்குப் பக்கத்தில் கட்டில் வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி நடந்து போனோம். பள்ளியறை பூசை. சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரத்தோடு, சுவாமி சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்துப் போகிறார்கள். ஒவ்வொரு நாளும் நடக்கிறது. தினமும் வேலை முடித்து வீட்டுக்குப் போகும் புருஷன் மாதிரி. பல்லக்கு எங்களைத் தாண்டிப் போனபோது அத்தை தலையில் கை வைத்துக் கும்பிட்டு, "உங்க மாமா சந்தைக்குப் போய்ட்டு இந்நேரத்துக்குத்தான் வருவாரு" என்றார். மாமா தவறி அப்போது நான்கு வருஷம். அத்தை அவரைப் பற்றித் தானாகப் பேசியது அன்றைக்குத்தான். ஒத்தக்கடையில் தங்கியிருந்தால் அந்த வார்த்தையை நான் கேட்டிருக்க மாட்டேன். கோயிலை விட்டு வெளியே வந்தபோது மணி பத்து. நிதானமாக நடந்து, வழியில் பருத்திப்பால் குடித்துவிட்டு ரூமுக்கு வந்தோம்.

மதுரையில் எங்கே தங்குவது என்பது நம் தமிழில் எவ்வளவு பழைய கேள்வி தெரியுமா! சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் துறவி கவுந்தியடிகளோடு நடந்து வந்து முதலில் நின்றது கோட்டைக்கு வெளியே, புறஞ்சேரியில். அறவோர் வாழும் இடம் அது. கோவலன் கண்ணகியை அடிகளிடம் விட்டுவிட்டு ஊரைப் பார்த்து வரத் தனியாகப் போகிறான். அந்தப் பகுதிக்கே ஊர்காண் காதை என்று பெயர். வீதி வீதியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். துறவிகள் இருக்கும் இடம் குடும்பத்தோடு வந்தவனுக்குப் பொருந்தாது, பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் போ என்று மாடலன் என்ற மறையவனும் அடிகளும் அவனிடம் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் மாதரி என்ற ஆயர்குல மூதாட்டி அந்த வழியே வருகிறாள். அவளிடம் கண்ணகியை அடைக்கலம் கொடுக்கிறார் கவுந்தி. மாதரி அகழியையும் மதிலையும் தாண்டித் தன் இருப்பிடத்துக்கு அழைத்துப் போகிறாள். ஊரைப் பார்த்தவன் ஒருவன், இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் இன்னொருவர். கவுந்தி பார்த்தது ஊரின் அழகையா? இல்லை. மாதரியின் குணத்தைப் பார்த்தார். அறிமுகமில்லாத ஊரில், தெரியாத பெண்ணை நம்பி ஒப்படைக்கும்போது பார்க்க வேண்டியது அதுதான்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும் இதே ஊர்தான். 782 அடிகள். அதில் பகல் கடைவீதிக்கு நாளங்காடி என்று பெயர், ராத்திரிக் கடைவீதிக்கு அல்லங்காடி. ராத்திரியின் ஒவ்வொரு யாமத்திலும் ஊர் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போய், விடியும் வரை வருகிறார். ஊரைத் தெருத்தெருவாகச் சொல்வதோடு, மணிமணியாகவும் சொல்கிறார். என் பிடிவாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

சரி, இன்றைக்கு எந்தப் பக்கம் தங்குவது? கோயிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மேற்குப் பக்கம் வெளியூர்க்காரருக்கு வசதி; ரயில், பெரியார் நிலையம், சாப்பாட்டுக் கடை எல்லாம் அங்கே. அந்தப் பக்கத்தில் இன்னொரு விருந்தாளி தங்கிய வீடும் உண்டு. மேலமாசி வீதியில் 1921 செப்டம்பரில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தி, 22-ஆம் தேதி காலையில் முழு உடையை விட்டு அரையாடைக்கு மாறினார். இப்போது அங்கே கதர்க் கடை இருக்கிறது. துணி தைத்துப் பிழைக்கிறவள் நான். அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒருவரை ஒரு ஊர் ஒரே ராத்திரியில் மாற்றிவிட முடியும் என்றால், அவர் அந்த ஊருக்கு உள்ளே தங்கியிருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கிழக்குப் பக்கம் வியாபாரம். கீழமாசி வீதியில் பலசரக்கு, கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி. மூட்டை இறக்கும் சத்தம், வண்டிச் சத்தம். தூக்கம் முக்கியம் என்பவர் அங்கே வேண்டாம். நான் சந்தை ஊர்க்காரி, எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். தெற்கே ஆவணி மூல வீதியில் நகைக் கடைகள். கல்யாண நகை, பட்டு எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் தங்கினால் கையில் பையோடு அலைய வேண்டாம். விளக்குத்தூணைத் தாண்டித் திருமலை நாயக்கர் மகால் பக்கம் போனால் சௌராஷ்டிரர் தெருக்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வீடுகள் அங்கே உண்டு. 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். பத்துத்தூண் சந்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே அரண்மனைத் தூண்கள் தனியாக நிற்பதைப் பார்த்தால், அரண்மனை எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்று புரியும். அந்தப் பக்கம் என் கண்ணில் பட்ட விடுதிகள் குறைவு. இருந்தால் நான் அங்கேதான் தங்குவேன்.

வடக்கே சிம்மக்கல், யானைக்கல். ஆற்றுக்கும் கோயிலுக்கும் நடுவில். கறி சாப்பிடுகிறவர்களுக்குச் சிம்மக்கல் கோனார் கடை கறிதோசைக்கு அங்கே தங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இதில் அவர் கருத்தை நான் மறுக்கவில்லை. அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்குக் கோரிப்பாளையம்தான் வசதி. நோயாளியோடு வந்தவர் கோயிலுக்குப் பக்கம் வேண்டும் என்று ஆற்றின் தென்கரையில் தங்கி அலையக் கூடாது. அண்ணா நகர், கே.கே. நகர் எல்லாம் நல்ல பகுதிகள், அமைதியானவை. கல்யாணத்துக்கு வந்தவர், வேலைக்கு வந்தவர் தாராளமாகத் தங்கலாம். ஊர் பார்க்க வந்தவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வாரம் மட்டும் நான் சொன்னதையெல்லாம் தலைகீழாக மாற்றிவிட வேண்டும். சித்திரைத் திருவிழா. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் வைகை ஆற்றில் இறங்குவதை ஜனங்கள் பார்க்க முடியவில்லை. அத்தை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். 2023-இல் அழைத்துப் போனோம். அந்த வருஷம் மே 2 மீனாட்சி கல்யாணம், 3 தேரோட்டம், 4 எதிர்சேவை, 5 அழகர் ஆற்றில் இறங்கியது. கல்யாணத்துக்கும் தேருக்கும் போகிறவர் மாசி வீதிக்கு உள்ளே இருக்க வேண்டும். எங்களுக்கோ அழகர்தான் முக்கியம். அழகர் வடக்கே உள்ள மலையிலிருந்து வருகிறார். மூன்றுமாவடியில் அவரை எதிர்கொண்டு அழைக்கிறார்கள்; பிறகு தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலையை அங்கே அவருக்குச் சாத்துகிறார்கள். விடியற்காலை வைகைக்குப் போகிறார். ஆகவே தங்க வேண்டியது ஆற்றுக்கு வடக்கே, தல்லாகுளம் பக்கம். ஆற்றின் தென்கரையில் தங்கினால், அன்றைக்குப் பாலங்களைத் தாண்டுவதே பெரும்பாடு.

தல்லாகுளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டில் இரண்டு ரூம் வாடகைக்குக் கிடைத்தது. அந்த வீட்டு அம்மா ராத்திரியெல்லாம் வாசலில் வருகிறவர் போகிறவருக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் கழுவிக் கொடுத்தார். கருப்பசாமி வேஷம் கட்டியவர்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தோளில் குழந்தையோடு நடப்பவர்கள். ஆற்றங்கரைக்கு அத்தையை அழைத்துப் போவது ஆபத்து என்று நாங்கள் முன்பே முடிவு செய்திருந்தோம். அதற்கு முந்தைய வருஷ நெரிசலில் உயிர்கள் போயிருந்தன. அழகர் அந்தத் தெருமுனையைத் தாண்டும்போது பார்த்தோம். தீவட்டி வெளிச்சத்தில் தங்கக் குதிரை. இருபது அடி தூரம். அத்தைக்கு அது போதும். "ஆத்துல எறங்குறத டிவியில பாத்துக்கலாம். அவரு நம்மளத் தாண்டிப் போனாரு பாரு" என்றார்.

தைப்பூசத்துத் தெப்பத்துக்கு இதே கணக்கு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் என்று சொல்வார்கள். அன்று ராத்திரி தெப்பம் பார்க்க வேண்டும் என்றால் காமராஜர் சாலைப் பக்கம் தங்குவது நல்லது. நான் இன்னும் போகவில்லை.

போனில் ரூம் கேட்கும்போது நான் என்ன கேட்பேன் என்று சொல்லிவிடுகிறேன். "கோயில் எவ்வளவு தூரம்?" என்று கேட்காதீர்கள், பத்து நிமிஷம் என்பார்கள். எந்த வீதி, எந்தக் கோபுரம் பக்கம் என்று கேளுங்கள். மேலக் கோபுரத்துக்கு நேரா, வடக்கு மாசி வீதி முக்கா என்று கேட்டால் பொய் சொல்ல முடியாது. வயதானவர் இருந்தால் லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் அது எந்த மாடியிலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்டுக்குப் போகவே ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். ரயிலில் காலையில் வந்து இறங்குகிறவர்கள், ரூம் கணக்கு நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, பகல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டா என்று கேட்டே ஆக வேண்டும். கீசர் இல்லாத இடத்தில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் கேளுங்கள்; விடியற்காலைத் தரிசனத்துக்குப் போகிறவருக்கு ஆறு மணி வெந்நீரால் பயனில்லை. காரில் போகிறவர்கள் காரை லாட்ஜில் நிறுத்த முடியுமா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, நிறுத்திய காரை ஊரை விட்டுக் கிளம்பும்போதுதான் எடுக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் கோயிலில் தீ விபத்து நடந்த பிறகு செல்போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. நடந்து போகும் தூரத்தில் ரூம் இருந்தால் போனை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். எங்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

இந்தக் கணக்கு மதுரைக்கு மட்டுமில்லை. எங்கள் உறவில் ஒரு சித்தி காசிக்குப் போனார். எங்கே தங்குவது என்று என்னிடம் கேட்டபோது அனுமன் காட், கேதார் காட் பக்கம் பாருங்கள் என்றேன். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கும் பகுதி அது; பாரதியாரே சின்ன வயதில் அனுமன் காட்டில் இருந்தவர். சித்தி திரும்பி வந்து, "படியில எறங்குனா கங்கை, எப்ப வேணும்னாலும் போய் உட்காரலாம்" என்று சொன்னார்.

போன வருஷம் ஒரு தேய்பிறை அஷ்டமிக்கு, தல்லாகுளத்து வீட்டு அம்மா போன் செய்தார். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு வருகிறார்களாம். அது எங்களுக்கு அடுத்த ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயரைத் தாங்கிய ஊர். "ஒகேனக்கல்ல ரூம் போட்டுக்கிறோம்மா, அருவியும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அன்றைக்குக் கர்நாடகத்திலிருந்தெல்லாம் கூட்டம் வரும், சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிறவர்கள் வரிசை நீண்டு நிற்கும். வேண்டாம்மா, நம்ம வீட்டில் தங்குங்க என்றேன்.

வந்தார்கள். கோயிலில் விளக்கேற்றிவிட்டு, மறுநாள் காலை அதே ஊர்ச் சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். முந்தின ராத்திரி அத்தை ராகிக் களியும் கீரைக் குழம்பும் செய்திருந்தார். சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தோம். தெற்கே போகும் லாரிகள் வரிசையாகத் தொப்பூர் இறக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மா தலையைத் தூக்கி, "இதெல்லாம் எங்க ஊருப் பக்கமா தாயீ போகுது?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அத்தை. "விடியறதுக்குள்ள சமயநல்லூரத் தாண்டிரும்."